பிரேக் மாஸ்டர் தீவுகளைச் சுற்றிய கதை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே தரை விரிப்பு ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்து நூல் தெரியும். அத்தானுடைய வலது கால் படும் இடம் அது. அக்கா தண்ணீரைக் கொஞ்சம் வேகமாக ஊற்றினால் அந்தக் கால் தரையை அழுத்தும். டிவியில் எவனாவது காரை விரட்டிக்கொண்டு போனால் அழுத்தும். அவருக்குப் பிடிக்காத பேச்சை யாராவது எடுத்தால் இன்னும் பலமாக அழுத்தும். வருடத்துக்கு ஒருமுறை விரிப்பைத் திருப்பிப் போடுவோம். அடுத்த வருடத்துக்குள் அந்தப் பக்கத்தையும் தேய்த்துவிடுவார்.

அத்தான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அந்தப் பள்ளிக் காரில் ஓட்டுகிறவருக்கு இருப்பதுபோலவே பக்கத்தில் உட்காருகிறவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுவது கற்றுக்கொள்ள வந்தவரின் பாடு. அத்தானுடைய பாடு மிதிப்பதும் திட்டுவதும்தான். கற்றுக்கொண்டவர்கள் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அவர் அதை யாரோ மேடையில் கூப்பிட்டுக் கொடுத்த பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார்.

நான் அக்காவின் தங்கை. அவர்கள் வீட்டுப் பின்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பேண்ட்டுக்குக் கீழ் மடிப்பு, ஜிப் மாற்றுவது என்று காலத்தை ஓட்டுகிறேன். அந்த அறை ஜன்னலுக்கு நேர் எதிரே வாசல். மாலையில் கடைசியாகக் கற்றுக்கொள்ள வரும் ஆள் எங்கள் வாசல் வரை ஓட்டிவந்து அத்தானை இறக்கிவிடுவார். தெருமுனையில் காத்திருக்கும் பள்ளி முதலாளியின் தம்பி ஏறி உட்கார, வண்டி போய்விடும். இத்தனை வருடத்தில் அத்தான் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்களுக்குச் சொந்தக் கார் கிடையாது. கேட்டால், "வண்டி வாங்குறவன் முட்டாள்டி. ஊர்ல இருக்கிற வண்டி எல்லாம் நம்ம கை பட்டதுதானே?" என்பார். கை பட்டது உண்மையில்லை. கால் பட்டது.

அவர் சொல்லிக்கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊருக்கு வெளியே ஒரு காலி மைதானத்தில் மூன்று கம்பங்களை நட்டிருக்கிறார்கள். ரிவர்ஸ் எடுப்பதற்காகப் பள்ளிக் காரின் பின்பக்கக் கண்ணாடியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர், ஒரு மஞ்சள் ஸ்டிக்கர். "சிவப்பு கம்பத்தைத் தொட்டுச்சா, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிங்க. மஞ்சள் வந்துச்சா, நேர் பண்ணுங்க. பின்னாடி எல்லாம் திரும்பிப் பாக்கக் கூடாது." இவ்வளவுதான் பாடம். லைசென்ஸ் சோதனையும் அதே மைதானத்தில், அதே கம்பங்களுக்கு நடுவில், அதே காரில். அதனால் எல்லோரும் தேறிவிடுவார்கள். தேறிய மறுநாள் போய் மாமியார் வீட்டு கேட்டை இடிப்பார்கள். அப்போது அத்தான், "நம்ம கிட்ட இருந்த வரைக்கும் ஒழுங்காத்தானே ஓட்டினான்" என்பார்.

பெண்கள் கற்றுக்கொள்ள வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். "ஸ்டீயரிங்கைப் பிடிங்கன்னா குழந்தையைத் தூக்கி வச்சுக்கிற மாதிரி பிடிக்கிறீங்களே அம்மா" என்று அவர் சொல்லிச் சிரிப்பதை வீட்டுக்கு வந்து நடித்தும் காட்டுவார். அக்கா ஒருமுறை தானும் கற்றுக்கொள்கிறேன் என்றாள். "உனக்கு எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றார். அக்கா சிரித்துக்கொண்டே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அப்படித்தான். சிரித்துவிட்டுப் போய்விடுவாள், மனதில் எழுதி வைத்துக்கொள்வாள்.

அக்கா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை மடிப்பது வேலை. அங்கே சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் ஒரு மாதத்துப் பக்கத்தில் ஒரு படம். தீவுகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போகும் பாலங்கள், கடைசித் தீவின் பாறை உச்சியில் வெள்ளையாக ஒரு கலங்கரை விளக்கம். வருடம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்து அலமாரிக் கதவுக்கு உட்பக்கம் ஒட்டினாள். தினமும் புடவை எடுக்கும்போது பார்ப்பாள்.

"இங்க ஒரு தடவை போயிட்டு வரணுங்க. பஸ் போகுதாம், எங்க வேலையில ஒருத்தி போயிட்டு வந்திருக்கா" என்று ஒருநாள் அத்தானிடம் சொன்னாள்.

அத்தானுக்கு முகம் சிவந்துவிட்டது. "பஸ்லயா? பிரேக் மாஸ்டர் பொண்டாட்டி பஸ்ல இடிபட்டுக்கிட்டுப் போறதா? ஊர்ல என்னைக் காறித் துப்ப மாட்டானுங்க? இரு. நானே ஓட்டிக்கிட்டுக் கூட்டிட்டுப் போறேன். சுத்திக் காட்டுறேன், ஒரு தீவு விடாம."

அக்கா அதன் பிறகு பஸ் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எப்போதோ போய்விட்டு வந்திருப்பாள்.

மறுவாரமே வரைபடம் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசை மேல் விரித்து, அதன் மேல் கனமான பிளாஸ்டிக் தாளைப் போட்டு, நான்கு ஓரத்திலும் கிளிப் மாட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மேசையில் சாப்பிட்டதில்லை. அவர் மட்டும் சாப்பிடுவார், தட்டைக் கடல் பகுதியில் வைத்துக்கொண்டு. நானும் அக்காவும் சமையலறையில் நின்றபடி சாப்பிடுவோம். அந்தப் பிளாஸ்டிக் மேல் பேனாவால் வழி போடுவார், துணியால் அழிப்பார், மறுபடி போடுவார். விடுமுறை நாட்களில் காலையிலிருந்து மதியம் வரை இதே வேலை. அதைப் பார்க்க ஆள் வேண்டுமே, அதற்குப் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வந்துவிடுவார்.

மருந்துக்கடைக்காரர் எதற்கும் வாயைப் பிளக்கும் ரகம். "நீங்களே ஓட்டப் போறீங்களா மாஸ்டர்? அவ்வளவு தூரமுமா?"

"பின்ன? டிரைவர் வச்சுக்கிட்டுப் போறது டூரா சார்? அது பார்சல். கையில ஸ்டீயரிங் இருக்கணும், கண்ணு முன்னாடி கடல் இருக்கணும்."

"உங்களுக்கு என்ன சார், கை வந்த கலை."

"ரோட்டைப் படிக்கணும் சார். எல்லாரும் ரோட்டுல போறான். எவன் படிக்கிறான்?"

இப்படி மணிக்கணக்காகப் போகும். நான் டீ கொண்டுபோய் வைப்பேன். ஒருமுறை டம்ளரை வைக்கும்போது தெரியாமல் ஒரு பாலத்தைப் பார்த்துவிட்டேன். "எட்டாங்கிளாஸ் தாண்டாத ஆளுக்கு மேப்புல என்ன பார்வை?" என்றார். மருந்துக்கடைக்காரர் சிரித்தார். அவர் கடையில் மாத்திரை அட்டையைத் தலைகீழாகப் படித்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் அக்காவுக்கு விடுப்பு வரும். ஒவ்வொரு வருடமும் ஒரு காரணமும் வரும். ஒரு வருடம் காற்று. ஒரு வருடம் அங்கே பாலம் பழுது பார்க்கிறார்களாம். இன்னொரு வருடம் லைசென்ஸ் சோதனைக்கு நிறையப் பேர் காத்திருக்கிறார்களாம், அவர் இல்லாவிட்டால் பள்ளியே படுத்துவிடுமாம். விடுப்பு முழுவதும் அக்கா வீட்டிலேயே இருந்து ஜன்னல் திரைகளைத் துவைப்பாள். வேலைக்குத் திரும்பும் நாளில் சலவைக்கூடத்துப் பெண்கள் வரிசையாக நின்று கேட்பார்களாம். "என்னக்கா, இந்த வருஷமாவது உங்க வீட்டுக்காரர் கியர் போட்டாரா?" இதை என்னிடம் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பு வருடத்துக்கு வருடம் குட்டையாகிக்கொண்டே வந்தது.

அவர் போடும் வழியில் ஏதோ இடிக்கிறது என்று அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள். ஒருநாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, கடற்கரையை ஒட்டியே ஒரு ரோடு போகுதே. அதுல போகாம ஏன் நடுவுல போறீங்க?"

"அது குறுகல். எதிர்ல லாரி வந்தா யாரு ரிவர்ஸ் எடுக்கிறது?"

"நீங்கதான்."

"நான் எடுப்பேன். அவன் எடுக்கத் தெரியாம நின்னா?"

"சரி, இந்த மலைப் பாதை?"

"கொண்டை ஊசி வளைவு. உனக்கு வாந்தி வரும்."

"எனக்கு எப்பங்க வாந்தி வந்துச்சு?"

"வரும்."

"இந்தச் சின்ன ஊர்ல சந்தை நல்லா இருக்குமாம். அதுக்குள்ள போகாம ஏன் சுத்திக்கிட்டுப் போறோம்?"

"பார்க்கிங் கிடைக்காது."

"லைட் ஹவுஸ்?"

மேசைக்குக் கீழே கால் அழுத்தியது. "கடைசித் தீவுக்குப் பாலம் இல்ல. வண்டியை ஃபெரில ஏத்தணும். அந்தப் படகையெல்லாம் நம்பி வண்டியை ஏத்த முடியாது. முந்தின தீவோட கரையில நின்னு பாத்தாலே பளிச்சுன்னு தெரியும். பைனாகுலர் வாங்கிக்கலாம்."

அக்கா குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மேசையை ஒரு நிமிடம் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வருடக்கணக்காக இந்த மனிதர் சுற்றுலாவுக்கு வழி தேடவே இல்லை. எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் ரிவர்ஸ், எங்கே எதிரில் வண்டி வரும் என்று தேடித் தேடி, அவற்றையெல்லாம் அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். எதைப் பார்க்க ஜனங்கள் போகிறார்களோ அதெல்லாம் போய், நடுவில் அகலமான ஒரு நெடுஞ்சாலை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த மாதிரி நெடுஞ்சாலை எங்கள் ஊரைத் தாண்டினாலே கிடைக்கும்.

வெளியூரில் வேலை பார்க்கும் அவர்கள் மகள்தான் இந்தக் கூத்துக்கு முடிவு கட்டினாள். பெற்றோரின் கல்யாண நாளுக்குப் பரிசு என்று சொல்லி, தீவுகள் தொடங்கும் ஊரில் ஒரு வாடகைக் கார், கடைசித் தீவில் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே தங்கும் அறை, அங்கே போக ஃபெரியில் காருக்கும் ஆட்களுக்கும் இடம், எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டுப் போனில் சொன்னாள். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அப்பா, இனிமே சாக்குச் சொல்ல முடியாது. எல்லாம் கட்டியாச்சு, திரும்ப வராது."

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. "என்னைக் கேக்காம எப்படிம்மா? நான் வேற ரூட் போட்டு வச்சிருக்கேன்."

"உங்க ரூட்டைத்தான் நான் பொறந்ததுலேர்ந்து பாக்கிறேனே. சித்தியையும் கூட்டிட்டுப் போங்க. அம்மாவுக்குத் துணையா இருக்கும்."

அடுத்த சில வாரங்களில் அவருக்கு இடுப்பு வலி வந்தது, போனது. கண்ணில் பூச்சி பறந்தது. மருந்துக்கடைக்காரர் இடுப்புக்கு ஒரு களிம்பும் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்தும் கொடுத்து, இரண்டுமே குணமாகிவிட்டதாகச் சொல்லிக் கெடுத்துவிட்டார். "மாஸ்டர் இப்ப ஃபிட்டு. கிளம்புங்க!" அந்த ஒரு நாள் மட்டும் அந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது.

ரயிலில் போய் இறங்கினோம். வாடகைக் கார் அலுவலகத்தில் ஒரு பெண் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுச் சாவியை அத்தானிடம் கொடுத்தாள். வெளியே வெள்ளைக் கார் பளபளவென்று நின்றது. பைகளைப் பின்னால் வைத்தோம். நானும் அக்காவும் பின் இருக்கையில் ஏறிக்கொண்டோம். அத்தான் காரை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைக் காலால் தட்டிப் பார்த்து, கதவைத் திறந்து உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டார்.

"ம். எடுங்க" என்றார்.

யாரும் எடுக்கவில்லை. எடுக்க யாரும் இல்லை. அவர் உட்கார்ந்திருந்தது பக்கத்து இருக்கையில். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது.

வாசலில் நின்ற அலுவலகப் பெண் குனிந்து பார்த்தாள். "சார், வேற டிரைவர் வராங்களா?"

"இல்லம்மா. இந்தப் பக்கத்துலேர்ந்து வியூ எப்படி இருக்குன்னு பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் இழுத்து, இறங்கி, சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

அதன் பிறகு அவர் ஓட்டியதை ஓட்டினார் என்று சொல்வது பெரிய மனது. கார் நகர்ந்தது. மாட்டிக்கொண்ட ஆட்கள் எங்களுக்குப் பின்னால் வால் மாதிரி நீண்டார்கள். பாலத்துக்கு மேல் இரண்டு பக்கமும் கடல், பச்சையும் நீலமுமாக. அதை அவர் ஒரு கண்ணாலும் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்க விடவில்லை. "பேசாதீங்க. கவனம் கலையுது" என்றார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தபோது, "பழகாதவனுங்க. ரோட்டைப் படிக்காதவனுங்க" என்றார். தீவுகளுக்குப் போகும் பஸ் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை எங்களுக்குக் கை காட்டியது. அக்காவும் காட்டினாள்.

ஃபெரி நிற்கும் துறைக்கு வந்து சேர்ந்தபோது மதியம் சாய்ந்துவிட்டது. பதிவு செய்த படகு எப்போதோ போய்விட்டது. அடுத்தது நின்றுகொண்டிருந்தது, அன்றைக்கு அதுதான் கடைசி. சின்னப் படகு, பத்து வண்டி பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் இரும்புப் பலகை இறங்கிக் கரையைத் தொட்டிருந்தது. அங்கே நின்ற படகுக்காரர் வெயிலில் கறுத்த ஆள், கையில் ஒரு சிவப்புத் துணி. எங்களைப் பார்த்ததும் வட்டமாகக் கையைச் சுற்றினார்.

"சார், திருப்பி ரிவர்ஸ்ல ஏத்துங்க!"

அத்தான் ஜன்னலை இறக்கினார். "நேரா ஏத்தினா என்ன?"

"நேரா ஏத்தினா அந்தக் கரையில எப்படி இறங்குவீங்க? அங்க மேடு. எல்லாரும் ரிவர்ஸ்லதான் ஏத்துவாங்க. சீக்கிரம் சார்."

எங்களுக்கு முன்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் பின்பக்கமாக ஏறிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு காய்கறி வண்டிக்காரன் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் வாழைப்பழம் தின்றபடியே ஏற்றினான்.

அத்தான் காரை விட்டு இறங்கினார். பின்பக்கக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. அக்காவின் கைப்பையிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வாங்கினார். கடித்துக் கிழித்து இரண்டு துண்டு ஒட்டினார். தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ஒன்றைப் பிய்த்து ஒரு விரல் தள்ளி ஒட்டினார்.

"நீ போய் அந்தப் பலகையோட வலது ஓரத்துல நில்லு" என்று அக்காவிடம் சொன்னார். "ஏய், நீ இடது ஓரம். ரெண்டு பேரும் ஆடாம நில்லுங்க. நீங்கதான் கம்பம்."

போய் நின்றோம். படகுக்காரர் பதறிப்போனார். "அம்மா, அங்க நிக்காதீங்க. டயர் ஏறிடும்."

"அவங்க நிக்கணும்" என்று அத்தான் கத்தினார். "அது ஒரு முறை. உனக்குப் புரியாது."

கார் பின்னால் வந்தது. கோணலாக வந்தது. நின்றது. முன்னால் போனது. மறுபடி பின்னால் வந்து, அக்கா நின்ற பக்கம் வராமல் கடலைப் பார்த்துத் திரும்பியது. படகிலிருந்தவர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "தண்ணிக்குள்ள இறக்கப் போறாரு" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். காய்கறி வண்டிக்காரன் பழத்தோலைக் கடலில் எறிந்துவிட்டு வேடிக்கை பார்க்க வசதியாகச் சாய்ந்துகொண்டான்.

படகுக்காரர் நல்ல மனிதர். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து தணிவாகவே சொன்னார். "சார், சாவியைக் குடுங்க. ஒரு நிமிஷம். நான் ஏத்தி விட்டுடறேன். தினமும் பத்துப் பேருக்கு ஏத்தித் தர்றதுதான். ஒண்ணும் தப்பா நினைக்காதீங்க."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. சாவியைக் கொடுத்திருந்தால் போதும். அக்கா பலகை ஓரத்திலேயே நின்றாள். அவள் கண் சாவி மேல்தான் இருந்தது.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?" என்றார் அத்தான். "இத்தனை வருஷமா ஊருக்கே ஓட்டக் கத்துக்கொடுக்கிறவன். என் வண்டியை இன்னொருத்தன் தொட விட மாட்டேன். காத்து அடிக்குது, வண்டி வழுக்குது. நாளைக்கு ஏத்திக்கலாம். நாளைக்கு இல்லேன்னா இந்தக் கரையிலயே ரூம் போட்டுக்கலாம். இங்கேருந்தும் லைட் ஹவுஸ் தெரியுது, பாரு."

தெரிந்தது. தூரத்தில், காலண்டரில் இருந்ததைவிடச் சின்னதாக.

படகில் மணி அடித்தார்கள். படகுக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் பலகையைத் தூக்கும் சங்கிலியைப் பிடித்தார். "அம்மா, நகருங்க. தூக்கப் போறோம்."

அக்கா நகர்ந்தாள். கரைப்பக்கம் நகரவில்லை. பலகை மேல் ஏறி, அந்தக் கைப்பையோடு, படகுக்குள் நடந்துபோனாள். ஓடவில்லை. சலவைக்கூடத்தில் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவாளே, அப்படிப் போனாள். நானும் பின்னாலேயே போய்விட்டேன்.

"ஏய், எங்க போற? நில்லு!" அத்தான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார். "நீ நகந்துட்டா நான் எப்படிக் கணக்குப் பண்றது?"

"நீங்க ஏத்திக்கிட்டு வாங்க" என்று அக்கா திரும்பிச் சொன்னாள். "நான் முன்னாடி போறேன்."

"துணி எல்லாம் வண்டியில இருக்குடி!"

"இருக்கட்டும்."

பலகை மேலே வந்தது. படகிலிருந்தவர்கள் கை தட்டினார்கள். அது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள். எனக்கு அத்தான் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். வரவில்லை. கண்ணாடியில் இரண்டு பிளாஸ்திரித் துண்டுகளோடு அந்தக் கார் குறுக்கே நின்றது. அதற்குள் அவர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவர் சின்னதாகும் வரை.

அந்தக் கரையில் ஒரு பஸ் நின்றது. ஏறினோம். கலங்கரை விளக்கத்துக்குக் கொண்டை ஊசி வளைவுகள் வழியாக மேலே போனது. அக்காவுக்கு வாந்தி வரவில்லை. மகள் போட்டுக் கொடுத்த அறையில், மாற்றுத் துணி இல்லாமல், அங்கே கடையில் வாங்கிய இரண்டு நைட்டிகளோடு இரண்டு நாள் இருந்தோம். மேலே ஏறி நின்றபோது நான் அக்கா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். காற்று முந்தானையை இழுத்துக்கொண்டு போனது. அதைப் பிடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "படத்துல இந்தக் காத்து இல்ல" என்றாள். இறங்க மனமில்லாமல் காவலாள் கதவைப் பூட்ட வரும் வரை நின்றாள். மறுநாள் மறுபடியும் ஏறினாள்.

திரும்பி வரும்போது படகுக்காரர்தான் நடந்ததைச் சொன்னார், சிரித்துச் சிரித்து. மறுநாள் காலையில் அத்தான் வாடகைக் கார் அலுவலகத்துக்குப் போன் செய்து, ரிவர்ஸ் கியர் பழுது என்று புகார் சொல்லியிருக்கிறார். அவர்கள் ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். மெக்கானிக் வந்து உட்கார்ந்து, காரை ஒரே மூச்சில் பின்னால் எடுத்து, பலகை மேல் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிக் காட்டிவிட்டு, "எது சார் பழுது?" என்று கேட்டானாம். அத்தான் அப்போதும் படகில் ஏறவில்லை. கரையிலேயே அறை எடுத்துக்கொண்டார்.

நாங்கள் திரும்பிய நாளில் காரை எடுத்துப்போக மறுபடி வந்த அந்த மெக்கானிக்தான் எங்களை ரயில் ஏற்றும் ஊர் வரை ஓட்டிவந்தான். அத்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா... மெதுவா... கண்ணாடியைப் பாரு" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவருக்கு அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக முகத்தில் களை வந்தது. மெக்கானிக் ரேடியோவைச் சத்தமாக வைத்தான். நாங்கள் பாலத்திலிருந்து கடலைப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்த மறுநாளே மருந்துக்கடைக்காரர் வந்துவிட்டார். வரைபடம் இன்னும் மேசையில்தான் இருந்தது.

"எப்படி மாஸ்டர் இருந்துச்சு? ஒரு தீவு விடலையே?"

"ரோடு சுமார் சார். எதிர்ல வர்றவனுக்கு ஒழுக்கம் இல்ல. கடைசித் தீவுக்கு ஏத்துற அந்தப் பலகை இருக்கே, அது டிசைனே தப்பு. நான் ஏத்துறப்ப—"

அக்கா டீயை வைத்தாள். "அவர் ஏத்தல" என்றாள். "வண்டி இந்தக் கரையிலயே நின்னுச்சு. நானும் தங்கச்சியும் நடந்து ஏறி, அங்க பஸ்ல போனோம். இனிமே வருஷா வருஷம் பஸ்லதான் போகப் போறேன்."

சண்டை மாதிரி சொல்லவில்லை. விரிப்பை மடித்து அடுக்குவது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள். மருந்துக்கடைக்காரர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். மேசைக்குக் கீழே அத்தானின் கால் அழுத்தியது. மருந்துக்கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பலகை டிசைன் தப்புன்னு சொன்னீங்களே மாஸ்டர், எப்படி?" என்று கேட்டார். அந்த ரக ஆட்கள் இருக்கும் வரைக்கும் இந்த ரக ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

இப்போது அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள், நானும். வரைபடம் அத்தானின் படுக்கையறைக்குப் போய்விட்டது. அவர் வேறு ஏதோ ஒரு தீவுக் கூட்டத்துக்கு வழி போட்டுக்கொண்டிருப்பதாகக் கேள்வி. மருந்துக்கடைக்காரர் தன் மகளை அவரிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள அனுப்புகிறார். அக்காவுக்கு அடுத்த மாதம் விடுப்பு. சலவைக்கூடத்துப் பெண்கள் மூன்று பேரும் நானும் கூடப் போகிறோம். பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று.